சாந்தியின் பக்கம்

கோவை அருணாசலம் முருகானந்தம் தொலைக்காட்சியில் பேசத் தொடங்கினால் அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். கால்பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தாம் செய்த நாப்கினைச் சோதிக்கச் சைக்கிள் மிதித்த கதை அது. கறைபட்ட ஆடையைப் பொதுக்கிணற்றில் துவைக்கும் காட்சியை அவர் விவரிக்கையில் நானும் சிரித்திருக்கிறேன்.

நெசவாளரின் மகன். தந்தை விபத்தில் இறந்துபோக, பதினான்கு வயதில் படிப்பை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனவர். 1998இல் மணமான புதிதில், மனைவி சாந்தி பழந்துணியை ஒளித்து எடுத்துச் செல்வதைக் கண்டதில் தொடங்கியது எல்லாம். பஞ்சு என்று தாம் எண்ணியது மரக்கூழ் என்பதைக் கண்டறியவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பிறகு, மகளிர் குழுக்கள் வாங்கக்கூடிய விலையில் ஓர் எளிய எந்திரம், 2016இல் பத்மஸ்ரீ. 2018இல் வெளிவந்த 'பேட்மேன்' இந்திப் படம் கதையை மத்தியப் பிரதேசத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கோவையின் பட்டறை வாசனை அதில் இல்லாமற்போனது எனக்குக் குறைதான்.

சென்ற பருவத்தில் அவருடைய உரையொன்றை வகுப்பில் போட்டுக் காட்டினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. தூமையைப் பற்றிச் சிவவாக்கியர் பாடியவற்றை, "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று பல ஆண்டுகள் தாண்டிப்போனவள் நான். என் அம்மா தன் துணிகளை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், ஒரு சேலைக்கு அடியில் மறைத்துத்தான் உலர்த்துவாள். வெயில் படாத துணி. முதுகலைப் பட்டம் அந்தச் சேலையை என்னிடமிருந்து விலக்கிவிடவில்லை.

மாணவிகள் சிரித்தார்கள். ஆராய்ச்சி தொடங்கிய ஒன்றரை ஆண்டில் சாந்தி அவரைப் பிரிந்துபோன இடத்திலும் சிரித்தார்கள். அவர் அதையும் வேடிக்கையாகவே சொல்வார். தாயும் போனார்; ஊரும் ஒதுக்கியது. விருது பெற்று, செய்திகளில் அவர் முகம் வரத் தொடங்கிய பிறகே, ஐந்தரை ஆண்டு கழித்து, சாந்தியின் தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்குத்தான் கைத்தட்டல் மிகுதி.

ஆனால் அந்தக் கிணற்றடியில் நாள்தோறும் குடத்தோடு நின்றிருக்க வேண்டியவள் சாந்தி. நம் பக்கத்துக் கிணற்றடிகளை அறிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அவர் தரப்பைக் கேட்க எந்த அரங்கமும் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "நீங்களா இருந்தா போயிருப்பீங்களா, அம்மா?"

"போயிருப்பேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிவவாக்கியரை எடுக்கச் சொன்னேன்.