போறவளுக்கு ஒரு பட்டியல்

போன மாதம் எங்கட வட்சப் குறூப்பில் அவள் ஒரு மெசேஜ் போட்டாள். "விசா வந்திட்டுது. பிளேனிலயும் போய் இறங்கின முதல் கிழமையிலயும் வாசிக்க, பார்க்க, விளையாட ஏதாவது சொல்லுங்கோ. போக முதல் டவுன்லோட் பண்ணி வைக்கோணும்."

ஐந்து பேராகச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள் நாங்கள். 2022க்குப் பிறகு எங்களைச் சுற்றி ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கினம். கூடப் படித்தவர்கள், படிப்பித்தவர்கள், பக்கத்து வீட்டு அண்ணா. ஆனால் எங்கட ஐந்துக்குள் இருந்து ஒருத்தி போவது இதுதான் முதல்தரம். எல்லாரும் வாழ்த்துச் சொன்னோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அவளோடு கொஞ்சம் கோபமும் இருந்தது. அதை ஒருத்தரும் எழுதவில்லை. பட்டியலைத்தான் எழுதினோம்.

இதுதான் அந்தப் பட்டியல். எல்லாமே புதுசு இல்லை. அண்மையில் நாங்கள் பார்த்து, வாசித்து, மனசில் நின்றவை.

புத்தகம்: பிரதர்லெஸ் நைட்

வி. வி. கணேஷானந்தன் ஆங்கிலத்தில் எழுதி 2023இல் வெளிவந்த நாவல். அடுத்த வருடம் பிரித்தானியாவில் பெண் எழுத்தாளர்களின் புனைகதைக்குக் கொடுக்கிற 'விமென்ஸ் பிரைஸ்' இதற்குக் கிடைத்தது. கதை 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. சசி டொக்டராக வேண்டும் என்று படிக்கிற பிள்ளை. நாலு சகோதரர்கள். கொதிதண்ணி ஊத்துப்பட்டுத் துடிக்கிறவளுக்கு, சைக்கிளில் போன அயல் பெடியன் ஓடிவந்து முட்டையை உடைத்துப் பூசுகிறான். பிறகு நூலகம் எரிகிறது, 83 வருகிறது, வீட்டில் ஆட்கள் குறைகிறார்கள்.

எல்லாம் தெரிந்த கதைதானே என்று நினைத்துத்தான் எடுத்தோம். தெரிந்த கதைதான். ஆனால் எங்கட வீடுகளில் இந்தக் கதை பாதியில் நின்றுவிடும். "அதெல்லாம் இப்ப ஏன்" என்று அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. இந்த நாவல் எழும்பிப் போகாது. அரசு செய்ததையும், இந்திய இராணுவம் செய்ததையும், இயக்கங்கள் செய்ததையும் ஒரே மேசையில் வைத்து, இருந்து பார் என்கிறது. சசியின் விரிவுரையாளராக வருகிற அஞ்சலியை வாசிக்கும்போது, 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திரணகமவை நினைக்காமல் இருக்க ஏலாது. 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவர் அவர். நாவலில் அஞ்சலி பெண்களைச் சேர்த்து ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறா. வெளியில் அப்படியொரு காலம். உள்ளே இருந்து புத்தகத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். மழை வந்தால் சந்திப்பைத் தள்ளிப்போடுகிற எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாய்ப் போய்விட்டது.

ஆங்கிலம் கடினம் இல்லை. எங்களில் ஒருத்தி அகராதியோடு இருந்து ஆறு கிழமையில் முடித்தாள்.

சீரிஸ்: தனிமையின் நூறு ஆண்டுகள்

மார்க்வெஸின் நாவல், 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் எட்டு எபிசோட்களாக வந்தது. கொலம்பியாவில், ஸ்பானிய மொழியிலேயே எடுத்திருக்கிறார்கள். இதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. இரண்டு பேர் மூன்றாவது எபிசோட்டோடு விட்டுவிட்டார்கள். மற்றவர்களைப் பிடித்து வைத்தது நித்திரை வராத நோய் ஊருக்கு வருகிற பகுதி. நோய் முற்றச் சனம் பொருட்களின் பெயரையே மறக்கத் தொடங்குகிறது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி வைக்கிறார்கள். புது ஊரில் தமிழ் கதைக்க ஆள் இல்லாத நாளில் இதைப் பார் என்று அவளுக்கு எழுதினோம்.

படம்: மெய்யழகன்

2024 செப்டெம்பரில் வந்த பிரேம்குமாரின் படம். 1996இல் தஞ்சாவூரில் பரம்பரை வீட்டை இழந்து மெட்ராஸுக்குப் போன குடும்பம். 22 வருடம் கழித்து அரவிந்த் சுவாமி ஒரு கலியாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். இரவே திரும்பிவிட வேண்டும் என்ற அவசரம். அங்கே "அத்தான், அத்தான்" என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அது கார்த்தி. எவ்வளவு யோசித்தும் அவன் பெயர் இவருக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான் கதை.

படம் நீளம் என்று வெளிவந்த பிறகு பதினெட்டு நிமிடம் அளவில் வெட்டினார்கள். எங்களுக்கு நீளம் பிரச்சினையாய் இல்லை. இரண்டு பேர் இரவிரவாய்க் கதைக்கிறதைப் பார்க்க நேரம் வேணும்தானே. பெண்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கதை கொடுத்திருக்கலாம். வீட்டை விட்டுப் போகும்போது கைவிட்ட ஒரு சைக்கிள், பின்னால் நின்ற குடும்பத்துக்கு என்னவாகியது என்ற இடத்தில் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. எங்கட வீடுகளில் அது 1995 ஒக்டோபர் 30. அம்மாக்கள் பூட்டிவிட்டு வந்த கதவுகளைப் பற்றிச் சொல்வார்கள். உள்ளே விட்டு வந்த சாமான் யாருக்கு உதவியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கார்த்தி அத்தானிடம் எத்தனையோ கேட்கிறார். "ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?" என்று குத்திக் கேட்கவில்லை. நாங்கள் அவளைக் குத்திக் கேட்க ஆயத்தமாய் இருந்த ஆட்கள்.

கேம்: அன்பேக்கிங்

விளையாட்டு என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து அடுக்க வேணும். 1997இல் ஒரு சிறுபிள்ளையின் அறையில் தொடங்கி 2018 வரை எட்டுத்தரம் வீடு மாறுகிறாள் ஒரு பெண். அவளை நாங்கள் காண்பதே இல்லை. எது கூடவே வருகிறது, எது காணாமல் போகிறது என்பதை வைத்துத்தான் அவளைத் தெரியும். போனிலும் விளையாடலாம், நாலைந்து மணித்தியாலத்தில் முடியும்.

2010இல் அவள் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். எல்லா இடத்திலும் அவனுடைய சாமான். அவளுடைய பட்டச் சான்றிதழைச் சுவரில் மாட்ட இடமே கிடைக்காது. எங்கே வைத்தாலும் பிழை என்று காட்டும். கடைசியில் கட்டிலுக்குக் கீழே தள்ளினால்தான் கேம் விடும்.

எங்கட ஊரில் பட்டமளிப்புப் படம் ஹோலில், வாறவர் போறவர் கண்ணில் படுகிற மாதிரித்தான் தொங்கும். அவளுடையதும் அப்படித்தான் தொங்குகிறது. கனடாவில் முதலில் செய்யப்போவது அந்தப் படிப்புக்குச் சம்பந்தம் இல்லாத வேலை என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இந்தக் கேமைப் பட்டியலில் போடுவதா விடுவதா என்று இரண்டு நாள் சண்டை. போட்டோம். ஏனென்றால் சான்றிதழ் கட்டிலுக்குக் கீழே போவதோடு கேம் முடியவில்லை. அதற்குப் பிறகும் வீடுகள் இருக்கின்றன.

கனடா என்றபடியால் 'வெண்பா'வையும் சேர்த்தோம். 1988இல் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போன ஒரு தாய், கிழிந்துபோன அம்மாவின் சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறா. புட்டும் அவிக்க வேணும், ஆனால் குழலில், நீத்துப்பெட்டி இல்லை. மன்னிக்கலாம்.

பொட்காஸ்ட்: ஹெவிவெயிட்

ஜொனதன் கோல்ட்ஸ்டீன் 2016இல் தொடங்கிய ஆங்கில பொட்காஸ்ட். பழைய மனக்குறை ஒன்றோடு இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு, அந்தக் குறைக்குக் காரணமானவரிடமே போவார். 'கிரெகர்' எபிசோட்டில் இருந்து தொடங்குங்கோ. கிரெகர் தன் நண்பருக்குப் பழைய பாட்டு சீடிகளை இரவல் கொடுத்தார். அந்த நண்பர் மோபி. அந்தப் பாட்டுகளையும் எடுத்துச் சேர்த்து 1999இல் ஒரு அல்பம் செய்து உலகப் புகழ் பெற்றுவிட்டார். சீடி திரும்பி வரவே இல்லை. பல வருடம் கழித்து கிரெகர் அதைக் கேட்கப் போகிறார். நல்லாச் சிரிக்கலாம். ஆனால் கேட்கக் கேட்க, அவர் தேடிப் போனது சீடியை இல்லை என்று விளங்கும்.

இதைக் கேட்ட இரவுதான் நாங்கள் அவளுக்கு எடுத்தோம். இருபது வருடம் கழித்து மைக்கோடு ஆரையும் கூட்டிக்கொண்டு போக எங்களால் ஏலாது, இப்பவே சொல்லிவிடுவோம் என்று. "எங்களுக்கு உன்னோட கொஞ்சம் கோவம்" என்றோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கும்தான். நீங்கள் ஒருத்தராவது போகாதை எண்டு சொல்லுவியள் எண்டு பார்த்தனான்."

சொல்லியிருந்தாலும் அவள் போயிருப்பாள். போகத்தான் வேணும், அவளுடைய வீட்டுக் கணக்கு எங்களுக்கும் தெரியும். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

முப்பது கிலோவுக்குள் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் போக மிஞ்சின இடத்தில் 'பிரதர்லெஸ் நைட்' போகிறது. எங்களிடம் இருக்கிற ஒரே பிரதி அதுதான், எல்லாரும் பென்சிலால் கோடு போட்டது. வாசித்து முடித்துத் திருப்பித் தர வேணும் என்று சொல்லியிருக்கிறோம். கையில் கொண்டுவந்துதான் தர வேணும், தபாலில் இல்லை.