கண்ணாடி போடாத அம்மா

என் அத்தைக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் பொட்டு வைத்தாக வேண்டும். காந்தி, காமராஜர், காலண்டர் முருகன்... யாருக்கும் விலக்கு கிடையாது. ஆபீஸ் க்ரூப் ஃபோட்டோவில் என் மேனேஜருக்கே ஒரு தடவை வைத்துவிட்டாள். (மனுஷர் இன்னும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்!)

இதில் ஆபத்து எதுவும் இருந்ததில்லை. எல்லாம் கண்ணாடி போட்ட படங்கள். பொட்டு காய்ந்தால் ஈரத்துணியால் ஒரு துடை. தீர்ந்தது விஷயம். நான்தான் புதுமை பண்ணிக் கெடுத்தேன்.

அம்மாவின் முதல் வருஷத் திதி வந்தது. அம்மாவுக்கு இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்று. 1974-ல், கல்யாணமான புதுசில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, மூலையில் மஞ்சள் பூத்து... மூக்குத்தி மட்டும் ஒரு புள்ளியாக மின்னும். அதைப் பெரிசாக்கி ஹாலில் மாட்டலாம் என்று ப்ரிண்ட் போடும் கடைக்குப் போனேன்.

"மெட்டாலிக் கான்வாஸ்ல போட்டுடலாம் ஸார்" என்று கடைக்காரர் ஒரு சாம்பிளை விளக்குக்கு அடியில் சாய்த்துக் காட்டினார். கறுப்பு வெள்ளையில் ஒரு கோயில் குளம். தண்ணீர் நிஜமாகவே பளபளத்தது!

சூட்சுமம் இதுதான். சாதாரணமாக இங்க்ஜெட் ப்ரிண்டரில் வெள்ளை இங்க் கிடையாது. படத்தில் எங்கே வெள்ளையோ, அங்கே ப்ரிண்டர் சும்மா இருந்துவிடும். அடியில் இருக்கிற பரப்புதான் வெள்ளையாகத் தெரியும். மெட்டாலிக் கான்வாஸில் அந்தப் பரப்பில் முத்து மாதிரி மின்னும் ஒரு பூச்சு இருப்பதால், வெள்ளை எல்லாம் வெள்ளியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பழைய கறுப்பு வெள்ளை ஃபோட்டோவில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் அசல் வெள்ளி. பொடிப்பொடியான வெள்ளித் துகள். அங்கே நிஜ வெள்ளி கறுத்துக் கிடக்கிறது. இங்கே வெள்ளி இல்லாமலே ஜொலிக்கிறது. உலகம் அப்படித்தான் ஸார்!

4-க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணி, 16-க்கு 24 ஆக்கினார். அங்குலத்துக்கு 150 புள்ளிதான் தேறும். கான்வாஸ் நெசவு அதை மறைத்துவிடும் என்றார். ப்ரிண்டர் இப்படியும் அப்படியும் ஓட ஓட, அம்மா தலையிலிருந்து ஆரம்பித்து மெள்ள மெள்ள வெளியே வந்தாள். மூக்குத்தி வந்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

"வார்னிஷ் அடிக்கணும் ஸார். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"நாளைக்குத் திதி. அப்படியே சட்டத்துல இழுத்து அடிச்சுக் கொடுத்துடுங்க."

"கான்வாஸுக்குக் கண்ணாடியும் போடறதில்லையே ஸார்..."

"வீட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது? யார் தொடப் போறாங்க?"

அத்தையை மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை, குழைத்த சந்தனமும் கையுமாக அத்தை வந்தாள். "அண்ணி, இப்பத்தான் கல்யாணமாகி வந்த மாதிரி இருக்கீங்களே!" என்று படத்தைப் பார்த்து உருகினாள். நான் "அத்தை..." என்று வாயெடுப்பதற்குள் சந்தனம் நெற்றியில். அதன் மேல் குங்குமம்.

கான்வாஸின் மேல்பூச்சு இங்க்கைக் குடிப்பதற்கென்றே போட்டது. அதற்குக் கறுப்பு இங்க்கும் ஒன்றுதான், அத்தையின் குங்குமமும் ஒன்றுதான். ஆசையாகக் குடித்தது. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் புருவம் வரைக்கும் வழிந்தது. நெற்றியின் மினுமினுப்பும் இங்க்கும் கொஞ்சம் துணியோடு வந்துவிட்டன.

அத்தை அழுதாள். நான் அவளைத் திட்டினேன். அவசரப்பட்டது நான், திட்டு வாங்கினது அவள். அப்பா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடி கடை. இந்தத் தடவை கைகட்டிப் பாடம் கேட்டேன். ப்ரிண்ட் ஆனதும் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அவசரத்தில் வார்னிஷால் மூடினால் படம் மங்கிப் போகும். பிக்மென்ட் இங்க்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டை இங்க் என்றால் தண்ணீர் கலந்த வார்னிஷ் பட்டதுமே கரைந்து ஓடும். வார்னிஷ் க்ளாஸ் ரகமாக இருக்கட்டும். மேட் ரகம் அடித்தால், காசு கொடுத்து வாங்கின மினுக்கே மங்கிவிடும். சட்டத்தில் இழுப்பதற்கு முன்னாலேயே அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும்.

வார்னிஷை நானே அடித்தேன். பிராயச்சித்தம்! ஸ்பாஞ்ச் ரோலரால் நெடுக்கில் மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் குறுக்கில் இன்னொன்று. தூசி படியக்கூடாதே என்று ஃபேனை நிறுத்திவிட்டு, சென்னையின் மே மாதத்தில்! என் வேர்வை படத்தில் சொட்டாமல் காப்பாற்றுவதே தனி வேலையாக இருந்தது.

நேர் வெயில் படாத சுவரில் புதுப் படம் ஏறியது. அத்தை தள்ளி நின்றபடி, "சட்டத்துலயே பொட்டு வச்சிடறேம்ப்பா" என்றாள். எனக்கு என்னவோ போலிருந்தது. "நெத்தியிலேயே வைங்க அத்தை" என்றேன். கை நடுங்க வைத்தாள். சாயந்திரம் மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். அம்மா பளிச்சென்று இருந்தாள்.

பழசைக் கழித்துக் கட்டலாம் என்று தேடினால் காணோம். அப்பாவின் அறையில், கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தது.

"இது கெட்டுப் போனதுப்பா. அதான் நல்லது ஹால்ல இருக்கே?"

அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஹால்ல இருக்கறது ஸ்டூடியோவுல நின்னவ. அடுப்படியில நின்னா உங்கம்மாவுக்கு இப்படித்தாண்டா குங்குமம் வேர்வையில வழியும்."

ரோலர் பட்டால் குங்குமம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று, ஸ்ப்ரே வார்னிஷ் ஒரு டப்பா வாங்கி வந்தேன். அந்தக் குங்குமம் அதற்கு மேல் வழியாமல், அதே இடத்தில் நிற்க வேண்டுமே!