தாத்தாவின் ஆயில் இன்ஜின்

செட்டிகுளம் பக்கம் எங்கள் வெங்காயக் காட்டில் தாத்தா வாங்கிய ஆயில் இன்ஜின் இன்னும் நிற்கிறது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் கனத்த வீல் மெல்ல வேகம் எடுக்கும். லீவரைத் தட்டிவிட்டதும் 'டொக் டொக்' என்று பிடித்துக்கொள்ளும்.

ஒற்றை சிலிண்டர். 2 சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. மீதி நேரம் இழுத்துப்போவது அந்த ஃப்ளைவீல்தான்.

ஃப்ளைவீல் ஆயில் இன்ஜினில் மட்டும் இல்லை. அரியலூர் சிமென்ட் லாரியில் கிளட்ச் பிளேட் அழுந்துவதும் ஃப்ளைவீல் முகத்தில்தான். ஆட்டோமேட்டிக் காருக்கு ஃப்ளைவீலுக்குப் பதில் மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட் போதும். கனத்தை டார்க் கன்வெர்ட்டர் சுமக்கிறது. ஜெட் படகில் இன்ஜின் பெரும்பாலும் பம்பை நேராகச் சுற்றுகிறது. அங்கே கிளட்சும் இல்லை, கன்வெர்ட்டரும் இல்லை. அதனால் ஃப்ளைவீலின் கனத்தைப் பார்க்க வேண்டும். கனமான வீல் இருந்தால் ஐடிலிங் சீராக நிற்கும். லேசானது என்றால் சட்டென்று வேகம் ஏறும்.

தாத்தாவின் இன்ஜினை இரும்புக் கடைக்குப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த வீல் சுற்றித்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது.