வாஞ்சூர்க்காரனின் முதல் மிடறு

"எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. "நாகூர் பக்கம்" என்போம். கேட்பவர் விடவில்லை என்றால் "திருமலைராயன்பட்டினம்" என்போம். காளமேகப் புலவர் மண்மாரி பொழியச் சபித்ததாகச் சொல்லப்படும் ஊர் அது. சாபம் வாங்கிய ஊரைச் சொல்வதில்கூட எங்களுக்குக் கூச்சமில்லை. கீழவாஞ்சூர் என்று சொல்லத்தான் நாக்கு எழாது. அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "வாஞ்சூரா? அப்ப எங்களைக் கவனிக்கிறதுல குறையே இருக்காது" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெரியாதவர்களுக்கு: நாகூரைத் தாண்டி காரைக்கால் சாலையில் வடக்கே வந்தால், தமிழ்நாடு முடிந்து புதுச்சேரியின் காரைக்கால் பகுதி தொடங்கும் இடம் எங்கள் ஊர். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்த பகுதி. தமிழ்நாட்டில் 1948-லிருந்து 1971 வரை முழு மதுவிலக்கு. அதற்குப் பிறகும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. இந்தப் பக்கம் அந்தக் கவலையெல்லாம் இல்லை. டாஸ்மாக் வந்த பின்பும் விலை வித்தியாசத்துக்காக ஆட்கள் எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து நடத்துனர் "வாஞ்சூர்!" என்று குரல் கொடுக்கும்போதே அதில் ஒரு நமுட்டுச் சிரிப்பு இருக்கும்.

நான் இதே ஊரில் பிறந்து வளர்ந்து, 54 வயதுவரை ஒரு சொட்டும் தொட்டதில்லை. காரணம் அப்பா. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே நானூறு அடி தூரம். போகும்போது இரண்டு நிமிடம் ஆகும், வரும்போது எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. 47 வயதில் ஈரல் கெட்டுப் போய்விட்டார். எனக்கு அப்போது 16. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அம்மா கற்பூரத்தை ஏற்றி என் கையை அதன் மேல் வைக்கச் சொன்னார். அதோடு சரி.

ஆனால் மூக்கை வைத்துப் பிழைப்பவன் நான். காரைக்காலில் முப்பது வருடமாகக் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். கொட்டை வெடிக்கிற சத்தத்தையும் வாசனையையும் வைத்து எப்போது அடுப்பை அணைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

போன மே மாதம் அக்கா மகன் இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தான். நியூகாசில் நகரத்தில் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறான். அங்கே வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் சேர்ந்து சுவைத்து மதிப்பெண் போடும் பழக்கம் உண்டாம். இவனும் அதில் சேர்ந்து, நடுவராகத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருந்தவன். கொரோனா வார்டில் வேலை பார்த்தபோது இவனுக்கும் தொற்று வந்தது. உடம்பு தேறிவிட்டது, மூக்கு தேறவில்லை. முதலில் எந்த வாசனையும் இல்லை. பிறகு வந்தது எல்லாம் தப்புத் தப்பாக வந்தது. நான் ஆசையாக அனுப்பிய காபிப்பொடி அவனுக்கு டயர் எரிகிற நாற்றமாக இருந்ததாம். இப்படி ஆனவர்கள் பலருக்குக் காபிதான் முதல் எதிரி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு உங்க மூக்கு வேணும்" என்றான். ஊர் உலகமே வாஞ்சூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பாட்டில் கடத்துகிறது. இவன் தமிழ்நாட்டு வழியாக வாஞ்சூருக்குப் பாட்டில் கொண்டுவந்திருக்கிறான். செக்போஸ்ட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

அது பிரவுன் ஏல். நியூகாசில் பிரவுன் ஏல் என்றே பெயர். இங்கே கடையில் கிடைக்கிற பீர் பெரும்பாலும் லாகர் வகை, குளிரில் மெதுவாகப் புளிக்கவைப்பது. ஏல் என்பது கொஞ்சம் வெதுவெதுப்பில் புளிப்பது. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வறுத்துத் தயாரிக்கும் மால்ட்தான் இரண்டுக்கும் அடிப்படை. வறுப்பு எவ்வளவு என்பதில்தான் நிறமும் வாசனையும் இருக்கிறது என்று அவன் சொன்னதும் எனக்குக் காது நிமிர்ந்தது. 1817-ல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட்டைக் கருக வறுக்க உருளை இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினாராம். அது காபி வறுக்கும் உருளையைப் போன்றதேதான். அதாவது என் கடையில் சுற்றுகிற டிரம்முக்கு அது ஒரு சித்தப்பா பையன். ஈரம் காயாமலே மால்ட்டைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் மாவு சர்க்கரையாகி, தோலுக்குள்ளேயே பாகு காய்ந்து மணியாகிவிடும் என்றான். நம் ஊரில் வெளியே காய்ச்சுகிற பாகை அவர்கள் தானியத்துக்குள்ளேயே காய்ச்சுகிறார்கள்.

"நீங்க என்ன வாசனை வருதுன்னு எழுதுங்க. நானும் தனியா எழுதறேன். என் மூக்கு சொல்றது நிஜமா, என் மூளை சொல்றதான்னு எனக்குத் தெரியணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு 79 வயது. முற்றத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. "புள்ள மூக்குக்காகன்னா ஒரு வாய். துப்பிடு" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீரில் அது வழக்கம் இல்லையாம். ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பு விழுங்கிய பிறகுதான் அடிநாக்கில் எழும்பும், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் மதிப்பெண்ணில் சேர்த்தி. அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். நான், "சரி, மோந்து மட்டும் பாக்கறேன்" என்று எழுந்துகொள்ளப் பார்த்தேன். அம்மா புளியை மூடி வைத்தார். கையைக் கழுவினார். "முழுங்கு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். அப்படியே வந்து என் வலது பக்கத்தில் உட்காரவும் செய்தார்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தான். பத்திலிருந்து பதின்மூன்று டிகிரியில்தான் குடிக்க வேண்டுமாம். ஜில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது. குற்றம் குறையும் தெரியாது என்று நான் சேர்த்துக்கொண்டேன். ஆறின காபியில்தான் கொட்டையின் யோக்கியதை தெரியும். ஜன்னல்களையும் சாத்தினான். பாட்டில் வெள்ளைக் கண்ணாடி. வெயில் பட்டால் ஹாப்ஸ் கெட்டுக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு துர்நாற்றம் வந்துவிடுமாம், துண்டு சுற்றியது அதற்காகத்தான். லேபிளில் ஒரு நீல நட்சத்திரம். 1890-ல் ஐந்து பீர் ஆலைகள் ஒன்று சேர்ந்த நினைவுக்கு ஐந்து முனை. 1927-ல் ஜிம் போர்ட்டர் என்பவர் உருவாக்கிய சரக்கு. லண்டன் பக்கத்துப் பிரவுன் ஏல் இனிப்பு தூக்கலாக, வலு குறைவாக இருக்கும். வடக்கத்தியது கொஞ்சம் வறட்சியாக, வலுவாக இருக்கும். வலு என்றாலும் 4.7 சதவீதம்தான். எங்கள் ஊர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று எழுதியிருப்பதில் கிட்டத்தட்ட பாதிக்கும் கொஞ்சம் மேல்.

அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெருமை. அந்த ஊர்ச் சரக்கு என்று 2000-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் பாதுகாப்புகூட வாங்கினார்கள், நம் திருநெல்வேலி அல்வா கேட்கிற மாதிரி. ஆனால் 2005-ல் ஆலையை மூடி ஆற்றுக்கு அக்கரையில் கேட்ஸ்ஹெட் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மாறியதால் பாதுகாப்பைத் தாங்களே ரத்து செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. 2010-ல் அங்கிருந்தும் கிளம்பி யார்க்‌ஷயர் போய்விட்டது. "இப்ப பேர்ல மட்டும்தான் மாமா எங்க ஊரு" என்றான். எங்களுக்கு நேர் தலைகீழ். கடைகளில் அடுக்கியிருக்கும் எதுவும் எங்கள் ஊரில் காய்ச்சியதில்லை, குடிப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. பெயர் மட்டும் எங்களுடையது.

இரண்டு டீ கிளாஸில் பாதிப் பாதி ஊற்றினான். மதிப்பெண் தாளை நீட்டினான். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றுதான்! பெண் பார்க்கப் போகிறவர்களிடம் இந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறம் நன்றாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்பு, டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணீராக இறங்கின மாதிரி. நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது. மூக்கருகே கொண்டுபோகும்போது கை நின்றுவிட்டது. இதைச் சொல்ல வேண்டும். நான் பயந்தது சத்தியத்துக்காக அல்ல. அப்பாவின் வாசனை வந்துவிடுமோ என்றுதான். அவர் சட்டையில், தலையணை உறையில், என் கன்னத்தில் முத்தம் வைத்த இடத்தில் எல்லாம் இருந்த அந்த வாடை. முப்பத்தெட்டு வருடமாக எந்தக் கடை வாசலிலும் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தவன் நான்.

வரவில்லை. வந்தது பிஸ்கட் வாசனை. பேக்கரியில் வார்க்கி ரொட்டியின் தட்டை அடுப்பிலிருந்து இழுக்கும்போது வருமே, அது. அதன் கீழே தோலோடு வறுத்த வேர்க்கடலை. இன்னும் கீழே ஒரு குற்றம்: மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி. பழசானாலோ சூட்டில் அடிபட்டாலோ பீரில் அட்டை வாசனை வரும் என்று அவன் அப்புறம் விளக்கினான். நான் அப்போதே எழுதிவிட்டேன். அப்பாவின் வாசனை இல்லை என்பதில் நிம்மதி இருந்தது. ஏமாற்றமும் கொஞ்சம் இருந்தது என்றால் நம்புவீர்களோ என்னவோ.

பிறகு ஒரு மிடறு. முதலில் லேசான இனிப்பு, நடுவில் கடலை, கடைசியில் கசப்பு. அந்தக் கசப்பு நாக்கில் நின்று ஆட்டம் போடாமல் மரியாதையாக இறங்கிப்போனது. வாயில் கொஞ்சம் தண்ணீர்த்தனம். எங்கள் ஊரில் எத்தனையோ ஆயிரம் பேர் குடித்துப் பார்த்திருக்கிறேன். கண்ணை இறுக மூடி, ஒரே மூச்சில் கவிழ்த்து, ஊறுகாயை நக்கி, முகத்தைச் சுளிப்பார்கள். ருசி தெரிந்துவிடக் கூடாது என்பதில்தான் அத்தனை அவசரமும். அப்பாவும் அப்படித்தான் குடித்திருப்பார். இவன் எதிரில் உட்கார்ந்து, ஒரு வாய்க்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் ஏதோ எழுதிவிட்டு, யோசித்து, அடித்தான்.

நான் கூட்டிப் பார்த்தேன். 7, 3, 13, 3, 6. மொத்தம் 32. முப்பதைத் தாண்டினால் 'மிக நன்று' என்று கணக்காம். அட்டை வாசனை இல்லாவிட்டால் இன்னும் நாலைந்து போட்டிருப்பேன். அவன் 34 போட்டிருந்தான். பிஸ்கட் அவன் தாளிலும் இருந்தது, வறுத்த கடலையும் இருந்தது. அட்டை இல்லை. அதைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. "அடிச்ச இடத்துல என்னடா?" என்றேன்.

"அது சும்மா மாமா. உங்க தாள்ல அது இல்ல. எனக்காத் தோணியிருக்கும்."

என் கிளாஸில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. வாழைக்கு ஊற்றலாம் என்று அம்மா அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொல்லைப்படியில் நின்று கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். அந்த வாடையோடு பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவர். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னடா இது, கருப்பட்டிக் காப்பி ஆறிப்போன மாதிரில்ல இருக்கு" என்றார்.

அவன் தாளை என் பக்கம் திருப்பினான். அடித்திருந்த கோட்டுக்கு அடியில் 'கருப்பட்டி' என்றுதான் இருந்தது. பென்சிலை எடுத்து, பக்கத்திலேயே அதை மறுபடியும் எழுதினான்.