மே மாதத்து வாளிகள்

2025 ஏப்ரல் 28

தேர்வு முடிகிற வாரம் வந்துவிட்டால் மாணவியர் விடுதியின் பின்சுவர் ஓரம் சாமான்கள் மேடு தட்டத் தொடங்கிவிடும். இறுதியாண்டுப் பிள்ளைகள் இத்தனை வருஷத்துப் பொருட்களையும் ஒரே பெட்டிக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். அடங்காததெல்லாம் இங்கே வந்துவிடுகிறது. வாளி, குவளை, கொடிக்கயிறு, மேசை விசிறி, ஆய்வகத்து வெள்ளைக் கோட்டு, பாதிக்கு மேல் எழுதாத ரெக்கார்டு நோட்டு. இன்று மாலை ஒரு நீல வாளியைத் தூக்கிப் பார்த்தேன். கைப்பிடி ஆடவில்லை, அடியில் விரிசல் இல்லை. உள்ளே உப்புத் தண்ணீர் படிந்த வெள்ளை வளையம் மட்டும். புளி போட்டுத் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

ஆகஸ்டில் முதலாண்டுப் பிள்ளைகள் வருவார்கள். சேர்த்துவிட வந்த அப்பா அம்மா அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் இதே வாளியையும் இதே குவளையையும் வாங்கி வருவார்கள். போகிறவள் மே மாதம் போகிறாள். வருகிறவள் ஆகஸ்டில் வருகிறாள். இருவரும் சந்திப்பதே இல்லை. நடுவில் கிடக்கிற அந்த மூன்று மாதம்தான் நல்ல வாளியைக் குப்பையாக்குகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொருளின் அருமை தெரியவில்லை என்று குறைப்படுவதை நான் ஏற்கவில்லை. வைத்துவிட்டுப் போக இடமிருந்தால் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

மே 1

கைமாற்றிக் கொடுப்பது நம் கல்லூரிகளுக்குப் புதிதல்ல. முதலாண்டு வரைபடப் பாடத்துக்கு வாங்கும் மினி டிராஃப்டர், பாடம் முடிந்ததும் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பாதி விலையில் போகும். இன்று ஒரு பெண் கொண்டுவந்து காட்டியதில், காம்பஸ் முனையால் கீறிய மூன்று பேருடைய முதலெழுத்துகள் வரிசையாக இருந்தன. கொடுப்பவளும் வாங்குபவளும் ஒரே வளாகத்தில் ஒரே நேரத்தில் இருப்பதால் இது நடக்கிறது.

புத்தகமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2013, 2017, 2021 என்று பாடத்திட்ட ரெகுலேஷன் மாறும்போதெல்லாம் முந்தைய புத்தகத்தைச் சீண்ட ஆளில்லாமல் போகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மாறிவிடவில்லை. அலகுகளின் வரிசைதான் மாறியது. பாடம் எடுப்பவர் பழைய பதிப்பில் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும், அந்தப் புத்தகங்கள் இன்னும் சில வருஷம் கைமாறும்.

மே 5

பிள்ளைகள் விட்டுப்போகும் பொருட்களை ஆகஸ்ட் வரை வைக்கத் தரைத்தளத்தில் ஓர் அறை கேட்டேன். உள்ளே உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கின்றன. அவை இருப்புப் பதிவேட்டில் உள்ளவை, கண்டம் ஆகாமல், அதாவது பயன்படாதவை என்று கழிக்கப்படாமல், நகர்த்த முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பதிவேட்டைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பொதுச் சொத்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஆனால் கண்டம் செய்யும் குழு கூடுவதே அபூர்வம். ஒரு போல்ட் கழன்ற நாற்காலியும் முதுகு முறிந்த நாற்காலியும் அதுவரை ஒன்றாகக் கிடக்கின்றன. ஐப்பசி மழை ஜன்னல் வழியே அடித்து இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தச்சர் வந்து பார்த்துவிட்டு, இரண்டை ஒன்றாக்கினால் பாதி நாற்காலி தேறும் என்றார். குழு ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் கூட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போதைக்கு அறையில் பாதி இடம் கிடைத்திருக்கிறது.

மே 7

இரண்டாம் மாடியைக் கூட்டும் அக்கா காலையில் வந்து நின்றார்.

“மேடம், எல்லாத்தையும் ரூம்ல போட்டுப் பூட்டிட்டா எங்களுக்கு ஒண்ணும் வராதுல்ல?”

“ஏன்க்கா, வருஷா வருஷம் நீங்க எடுத்துக்குவீங்களா?”

“வாளி, துணியெல்லாம் வீட்டுக்கு எடுத்துக்குவோம். பேப்பர், அட்டை, பாட்டில் காயலான் கடைக்கு. அதுலதான் மேடம் ஸ்கூல் தெறக்கையில பசங்களுக்கு நோட்டு வாங்குறது.”

நான் குப்பை என்று பார்த்த மேடு ஒப்பந்தக் கூலியில் வேலை செய்பவர்களுக்கு மே மாதத்து வருமானம். மறுபயன்பாடு என்று பெயர் வைத்து அதைப் பிடுங்கிக்கொள்வது அநியாயம். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைப் பெருமளவில் குப்பை உருவாக்குவோர் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்துகின்றன. பல்கலைக்கழகங்களும் விடுதிகளும் அதில் வரும். சேரும் இடத்திலேயே தரம் பிரிப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது விதி. பிரிக்கிற கை இந்த அக்காவுடையது.

எல்லோருமாக உட்கார்ந்து பேசினோம். தாள், அட்டை, பாட்டில், இரும்பு முழுக்க அவர்களுக்கே. கலந்து போட்டால் ஒரு விலை, வெள்ளைத்தாள் தனி, அட்டை தனி என்று போட்டால் நல்ல விலை என்பதால், பிள்ளைகளே பிரித்துப் போடத் தளத்துக்குத் தளம் சாக்கு கட்டுகிறோம். அறையில் சேரும் பொருளிலும் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு. அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விடுதி நிதியிலிருந்து தனிச் சம்பளம். சாவி அக்காவிடம்.

மே 10

மின்கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் விடுதியில் தடை செய்யப்பட்டவை. அதனால் அவற்றை யாரும் கையில் கொண்டுவந்து தருவதில்லை. ராத்திரியில் புதருக்குள் எறிந்துவிடுகிறார்கள். வாசலில் ஒரு பெட்டி வைத்து, பெயர் கேட்க மாட்டோம் என்று எழுதி ஒட்டினோம். காலையில் பெட்டி நிறைந்திருந்தது. எலக்ட்ரீஷியன் சோதித்து, நல்லவற்றைத் தனியே வைத்தார்.

பழுதானவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. செம்பை எடுப்பதற்காக வயரைக் கொளுத்துவார்கள். பிவிசி எரிந்து வரும் புகையில் டையாக்சின் இருக்கிறது. அதைச் சுவாசிப்பவர்கள் எரிக்கும் தொழிலாளியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். பாதரசம் உள்ள பழைய டியூப்லைட்டுகளையும் உடையாமல் அட்டைப்பெட்டியில் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.

கணினி ஆய்வகத்திலும் கண்டம் பற்றிப் பேச்சு நடக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-இல் முடிகிறது, பழைய கணினிகள் 11-ஐ ஏற்காது. அதற்காக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது, தமிழிலும் வேலை செய்யும். தட்டச்சுக்கும் நூலகத் தேடலுக்கும் இது தாராளம்.

ஆகஸ்ட் 11

முதலாண்டுச் சேர்க்கை. அறையைத் திறந்ததும் கூட்டம் வரவில்லை. வாசலில் நின்ற ஒரு தகப்பனார் மேசை விசிறியைக் காட்டி, “எவ்வளவுங்க?” என்றார். காசு வேண்டாம் என்றதும் கையை எடுத்துக்கொண்டார். மகள் எதிரில் இலவசமாக வாங்கிக்கொள்ள அவருக்கு மனமில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

சட்டென்று ஒரு நோட்டைப் போட்டு, நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், படிப்பு முடிந்து போகும்போது திருப்பிக் கொடுத்தால் போதும் என்றேன். அவரே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு வசதியுள்ளவர், இல்லாதவர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மாலைக்குள் வாளிகள் தீர்ந்துவிட்டன.

ஆகஸ்ட் 14

மெத்தைகளுக்குத்தான் வழி கிடைக்கவில்லை. முன்பெல்லாம் பிள்ளைகள் இலவம்பஞ்சு மெத்தை கொண்டுவருவார்கள். கட்டி தட்டினால் பிரித்துக் காயவைத்து, பஞ்சடிப்பவரிடம் கொடுத்துப் புது உறையில் திணித்துக்கொள்ளலாம். இப்போது வருவது ஃபோம். நனைந்தால் நாறுகிறது, பிரித்தால் பொடியாக உதிர்கிறது, காயலான் கடையிலும் வேண்டாம் என்கிறார்கள். விடுதியே கட்டிலோடு சேர்த்து இலவம்பஞ்சு மெத்தை வாங்கிப்போட்டு, கோடை விடுமுறையில் பஞ்சடித்துக் கொடுக்க ஆள் வைக்க வேண்டும். தேனிப் பக்கத்தில் பஞ்சு என்ன விலை போகிறதென்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த விடுதிக் குழுக் கூட்டத்தில் மதிப்பீட்டோடு வைக்கப்போகிறேன்.