ஆரம்பநிலை என்னும் சொல்

நான்கு ஆண்டுகளாகக் குவாஹாத்தியில் லேசர் ஒளி குறித்து ஆய்வு செய்துவருகிறேன். என்ன ஆய்வு என்று ஊரிலிருந்து கேட்போருக்கு ஒரே வரியில் சொல்வதுண்டு: இரைப்பையில் தோன்றும் புற்றை, வயிற்றைக் கிழிக்காமல், வாய்வழியே ஒளியைச் செலுத்தி அறுத்தெடுப்பது. அந்த வரிக்குள் அடங்காத ஒரு கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் தொடர்கிறது.

முதலில் அடிப்படை. இரைப்பையின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமனே கொண்டது. உட்புறம் சளிப்படலம், அதன்கீழ் தளர்வான இணைப்புத்திசு, அதற்கும் கீழே தசையடுக்கு, வெளியே மெல்லிய உறை. முதலிரண்டு அடுக்குகளைத் தாண்டாத புற்றை ‘ஆரம்பநிலை’ என்கிறோம். 1962இல் ஜப்பானில் வகுத்த வரையறை இது. சளிப்படலத்தோடு நின்றுவிட்ட சிறு புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே, இரைப்பையை அகற்றாமல் அப்பகுதியை மட்டும் உரித்தெடுத்தால் போதும். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவான முறையில், எண்டோஸ்கோப் குழாய்வழியே சென்ற மின்கத்தி புற்றுக்கு அடியிலுள்ள தளர்ந்த அடுக்கை அறுக்கிறது. கத்தியின் முனையில் பீங்கான் மணி ஒன்றைப் பொருத்தியதே, தசையடுக்கு துளைபடாமல் இருப்பதற்காகத்தான். எனினும் துளைபடுதலும் குருதிப்பெருக்கும் இம்முறையின் அபாயங்களாகவே நீடிக்கின்றன. அவற்றைத் தவிர்க்கும் கைத்திறன் ஆண்டுக்கணக்கில் பயின்றே வருவது.

லேசர் இங்கேதான் நுழைகிறது. பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்ற குமார் படேல், 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். நீர் இவ்வொளியைச் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திற்குள் விழுங்கிவிடுகிறது. எனவே, புற்றுக்கு அடியிலுள்ள அடுக்கில் நீர்மக் கரைசலைச் செலுத்தி உப்பவைத்தால், ஒளி மேலடுக்கை அறுத்துவிட்டுக் கரைசலிலேயே நின்றுவிடும், தசையைத் தொடாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பன்றி இரைப்பையில் செய்துகாட்டி 2013இல் வெளியிட்டனர். பழைய நியோடிமியம் லேசர் திசுவுக்குள் மில்லிமீட்டர் கணக்கில் ஊடுருவிப் புற்றை எரித்தது. எரித்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க இயலாது; விளிம்பில் புற்று மிஞ்சியதா என அறியவும் வழியில்லை. அறுத்தெடுத்த திசுவோ சான்றாக நம் கையில் இருக்கும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. சாதாரணக் கண்ணாடி இழை இந்த அலைநீளத்தைக் கடத்தாது. உட்சுவரில் வெள்ளி பூசிய உள்ளீடற்ற குழல் வேண்டும். அது வளையும்போதெல்லாம் ஒளி இழப்பாகும். எண்டோஸ்கோப்போ வளைவதற்கென்றே பிறந்த கருவி. அந்த இழப்பை அளப்பதும் குறைப்பதுமே என் பணி. சந்தையில் வாங்கிய பன்றி இரைப்பையில் கரைசலை ஏற்றி, அறுத்து, வெட்டுமுகத்தை அளப்பது எங்கள் வாராந்திர வேலை.

அத்தகைய ஒரு நாளில், அய்சாலைச் சேர்ந்த சக ஆய்வாளர் வெட்டுமுகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியாவில் இரைப்பைப் புற்று மிகுந்திருக்கும் மாநிலம் மிசோரம். புகையூட்டிய இறைச்சி, புளிக்கவைத்த பன்றிக்கொழுப்பு, புகையிலைப் புகையை நீரில் கரைத்த ‘துய்பூர்’ ஆகியவற்றை ஆய்வுகள் இதனோடு தொடர்புபடுத்துகின்றன. அவர் அமைதியாகச் சொன்னார்: “என் மாமாவுக்குக் கண்டறிந்தபோது கல்லீரல்வரை போய்விட்டது. ஆரம்பநிலை என்று நீங்கள் எழுதும் நோயாளியை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை.”

அவர் குறை சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார். ஆரம்பநிலைப் புற்றுக்குப் பெரும்பாலும் அறிகுறி இல்லை, தேடினால்தான் கிடைக்கும். ஜப்பான் பல பத்தாண்டுகளாகத் தேடுகிறது. நம் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகள் உள்ளன, இரைப்பை இல்லை. அப்படியானால் என் ஒளிக்கற்றை யாருக்காக?

நான் எட்டியிருக்கும் விடை முழுமையானதன்று. கண்டறிதலும் சிகிச்சையும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பவை. அகற்றும் திறன் அருகில் இல்லாத ஊரில் புற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது, நோயாளியின் கையில் ஒரு பயணச்சீட்டைத் திணிப்பதற்கு நிகர். கைத்திறனின் சுமையில் ஒரு பகுதியை இயற்பியல் ஏற்குமானால், அச்சிகிச்சை பெருநகரங்களுக்கு வெளியேயும் சாத்தியமாகலாம். ஆனால் இவ்வாதம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: கருவி மாவட்ட மருத்துவமனைக்கு எட்டும் விலையில் இருக்கவேண்டும், பழுதானால் அங்கேயே சரிசெய்ய முடியவேண்டும்.

ஆகவே, என் ஆய்வேட்டில் ஓர் இயலைச் சேர்த்திருக்கிறேன். ஒரே குழலை எத்தனை முறை கிருமிநீக்கி மீண்டும் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் ஒளியிழப்பு எவ்வளவு கூடுகிறது என்பதே அதன் பொருள். “இது இயற்பியலா?” என்று நெறியாளர் கேட்டார். வெள்ளிப் பூச்சு தேய்வதும் இயற்பியல்தான் என்றேன். இயல் நின்றது, ஆய்வேட்டை ஒப்படைப்பது ஆறு மாதம் தள்ளிப்போகிறது, உதவித்தொகை அதற்கு முன்பே முடிகிறது.

பொதுச் சுகாதாரம் பயிலும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அதிக ஆபத்துள்ள மாவட்டங்களில் மட்டுமேனும் இரைப்பைப் பரிசோதனையை எவ்வாறு தொடங்கலாம், யாரை முதலில் அழைப்பது, எவ்வளவு செலவாகும் என்று யாரேனும் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். குழலின் ஆயுள் குறித்த என் அளவீடுகளை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.