தப்பின் மாத்திரை

மலையகத் தோட்டங்களில் ‘லயம்’ என்பது தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீட்டைக் குறிக்கும். இசையிலோ அது காலத்தின் ஒழுங்கைக் குறிக்கும். முன்னையது ஆங்கிலச் சொல்லின் திரிபு, பின்னையது வடசொல். பிறப்பால் தொடர்பற்ற இவ்விரண்டையும் வாழ்வால் இணைத்தது தப்பு என்னும் தோற்கருவியாகும். விடியுமுன் பிரட்டுக்கு ஆளெழுப்பியதும், மாசியில் காமன் கூத்தை நடத்துவதும், இறந்தோரை இடுகாடுவரை வழியனுப்புவதும் அதன் ஓசையே.

இம்மக்களின் பாடல்களுக்குச் சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) அச்சில் இடந்தந்தது. தப்படிக்கோ சொல் இல்லை. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடைப்பட்ட காலமே அதன் பொருள். அக்காலத்தை எழுத்தில் வைப்பது எங்ஙனம்?

இவ்வினாவைக் கணினி ஆட்டங்களுக்கு இசையமைப்போரும் எதிர்கொண்டனர். 1980களின் வீட்டுக் கணினிகளில் இசையை எழுத்துகளாலேயே எழுதும் முறை பரவியது. சுரத்தின் பெயரெழுத்தை அடுத்து 4 என இட்டால் முழுச்சுரத்தில் காற்பங்கு. 8 என இட்டால் அரைக்காற்பங்கு. ஒரு புள்ளி இட்டால் அதனிற் பாதி கூடும். இவ்வரிகளைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றும் நிரலே தொகுப்பி எனப்படும்.

இம்முறையின் அடிப்படை வகுத்தல். முழுமையை முதலில் வைத்துப் பின்னர் அதனைக் கூறுபோடுகிறது. ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ (1990) ஆட்டத்திற்குப் புதிய இசை புகுத்த ஆர்வலர் கையாளும் அட்மியூசிக்-கே என்னும் தொகுப்பியில் ஒரு முழுச்சுரம் 192 நுண்கூறுகளைக் கொண்டது. இரண்டாலும் மூன்றாலும் இவ்வெண் செவ்வனே வகுபடும்; ஐந்தாலும் ஏழாலும் வகுபடாது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ பிறந்த மாணவன் ஒருவன் ஐந்தெண்ணிக்கைத் தப்படி ஒன்றை இதில் எழுத முயல்கிறான் எனக் கொள்க. ஓரடிக்கு 38.4 கூறு வேண்டும். பின்னத்தை விடுத்து 38 எனக் கொண்டால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கூறு குறையும். இருபத்து நான்கு சுற்றில், உடன் ஒலிக்கும் பாட்டைவிடத் தப்பு காற்சுர அளவு முந்திவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததே நீள இலக்கணத்தின் விரிவு. சுரத்தை அடுத்துச் சமக்குறி இட்டு நுண்கூறுகளின் எண்ணிக்கையையே நேராக எழுதலாம். ஓரடிக்கு 40 எனக் கொண்டால் ஐந்தடிக்கு 200. பாட்டையும் அந்த 200க்குள் அமைத்து வேகத்தைச் சரிசெய்தால் பிழை எழாது. இங்கு முழுமை முதலில் இல்லை. சிறிய அளவே முதல். அதனை அடுக்கியே முழுமை பிறக்கிறது.

தமிழ் கற்றோருக்கு இது புதிதன்று. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாக வைத்த தொல்காப்பியர் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் மெய்க்கு அரையும் வகுத்தார். ஓரெழுத்து மூன்று மாத்திரை ஒலிப்பதில்லை என்றும், நீட்டம் வேண்டுமிடத்து அவ்வளவுடைய எழுத்துகளைக் கூட்டி ஒலிக்கவேண்டும் என்றும் விதித்தார். அளபெடையில் நெடிலை அடுத்து அதன் இனக்குறில் நிற்பதும், தொகுப்பியில் இரு நீளங்களை இணைப்புக்குறி கூட்டுவதும் ஒரே நெறியின்பாற்பட்டவை. தகதகிட என ஐந்தை எண்ணும் கண்ட நடையும் கூட்டலையே தழுவியது.

தேர்ந்த கலைஞன் ஓர் அடியை இழுத்தும் மற்றொன்றை முந்தியும் வைப்பான். எந்த எண்ணும் அதனை முழுமையாகப் பிடித்துவிடாது என்பது உண்மையே. எனினும், அறியாத எண்ணிக்கையைத் தொகுப்பி தன் எண்ணிக்கைக்குத் திருத்திக்கொள்ளும்போது அத்திருத்தம் எவர் கண்ணிலும் படுவதில்லை. தந்தையிடம் பயிலாது பொறியிடம் பயிலும் பிள்ளைக்குத் திருந்திய அடியே மூல அடியாகிவிடும்.

தப்படித்தோர் சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டனர். அதனால் பிள்ளைகள் பலர் அக்கருவியைத் தொடத் தயங்கியதில் வியப்பில்லை. ஆதலின் அடிகளை அறிந்த முதியோர் இருக்கும்போதே அவர்தம் அருகமர்ந்து, எண்ணி, எழுதிவைத்தல் வேண்டும். அதற்கு இலக்கணமும் கணினியும் ஒருங்கு கற்ற மலையக மாணவரே தக்கார்.